பழைய கோரூட்டீன், புதிய கோரூட்டீன்: இரண்டையும் சேர்த்து ஓட்டுவது எப்படி?

பைதான் மொழியில் சிறு புரோகிராம்கள் எழுதி, வீட்டு உபயோகத்திற்கு வைத்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? சில வருடங்களுக்கு முன் எழுதிய புரோகிராம், புதிய பைதானை இன்ஸ்டால் செய்தவுடன் ஓட மறுக்கிறதா? "மாட்யூல் ஏசிங்க்ஐஓ ஹேஸ் நோ ஆட்ரிபியூட் கோரூட்டீன்" என்று எரர் மெசேஜ் வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

உங்கள் புரோகிராமில் தவறு எதுவும் இல்லை. அது எழுதப்பட்ட முறை பழசாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பழைய முறை என்ன, புதிய முறை என்ன, இரண்டும் எங்கே ஒத்துப்போகும், எங்கே ஒத்துப்போகாது என்று பார்ப்போம். (புரோகிராம் வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் டைப் செய்துகொள்ளவும்.)

கோரூட்டீன் என்றால் என்ன?

டீக்கடை மாஸ்டரைக் கவனித்திருப்பீர்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். அந்த நேரத்தில் வடையைத் திருப்பிப் போடுவார், கிளாஸ் கழுவுவார், சில்லறை கொடுப்பார். பால் பொங்கும் நேரத்தில் திரும்ப அடுப்புக்கு வந்துவிடுவார். ஆள் ஒருவர்தான். ஆனால் எந்த வேலையும் நிற்பதில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு இணைய தளத்திலிருந்து தகவல் வர இரண்டு விநாடி ஆகிறது என்றால், அந்த இரண்டு விநாடியும் புரோகிராம் சும்மா நிற்கிறது. "நான் காத்திருக்கிறேன், அதுவரை வேறு வேலையைப் பார்" என்று பாதியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடிய பங்ஷனுக்குத்தான் கோரூட்டீன் என்று பெயர். எந்த வேலை எப்போது தொடர வேண்டும் என்று முடிவு செய்யும் மாஸ்டருக்கு ஈவன்ட் லூப் என்று பெயர்.

இரண்டு முறைகள் எப்படி வந்தன?

பாதியில் நின்று தொடரும் வசதி பைதானுக்கு 2001-ல் வெளிவந்த 2.2 வெர்ஷனிலேயே கிடைத்தது. அதன் பெயர் ஜெனரேட்டர். "யீல்ட்" என்ற சொல்லை ஒரு பங்ஷனுக்குள் எழுதினால், அந்தப் பங்ஷன் அந்த இடத்தில் ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும். ஒவ்வொன்றாக மதிப்புகளைத் தருவதற்காகத்தான் இது உருவாக்கப்பட்டது. 2006-ல் வந்த 2.5 வெர்ஷனில், நின்றுகொண்டிருக்கும் பங்ஷனுக்குள் வெளியிலிருந்து மதிப்பை அனுப்பும் வசதியும் சேர்ந்தது. 2012-ல் வந்த 3.3 வெர்ஷனில் "யீல்ட் பிரம்" வந்தது. ஒரு ஜெனரேட்டர் தன் வேலையை இன்னொரு ஜெனரேட்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க இது உதவியது.

இந்தக் கருவிகளை வைத்துத்தான் 2014-ல் வந்த 3.4 வெர்ஷனில் ஏசிங்க்ஐஓ என்ற லைப்ரரி சேர்க்கப்பட்டது. பைதானை உருவாக்கிய கைடோ வான் ராசம் இதை முன்னின்று செய்தார். அப்போது கோரூட்டீன் எழுதும் முறை இப்படி இருந்தது:

@ஏசிங்க்ஐஓ.கோரூட்டீன்
டெப் தொட்டி_அளவு():
    அளவு = யீல்ட் பிரம் சென்சார்_படி()
    ரிட்டர்ன் அளவு

அடுத்த ஆண்டே, 2015 செப்டம்பரில், 3.5 வெர்ஷன் வந்தது. யூரி செலிவானோவ் முன்வைத்த திட்டப்படி, கோரூட்டீனுக்கென்றே தனிச் சொற்கள் கொடுக்கப்பட்டன. அதே பங்ஷன் புதிய முறையில் இப்படி ஆனது:

ஏசிங்க் டெப் தொட்டி_அளவு():
    அளவு = அவெய்ட் சென்சார்_படி()
    ரிட்டர்ன் அளவு

பார்ப்பதற்கு இரண்டு சொல் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். மாற்றியதற்கு வலுவான காரணம் உண்டு. பழைய முறையில், மேலே உள்ள @ வரியை மறந்துவிட்டால், ஒரு பங்ஷன் கோரூட்டீனா அல்லது சாதாரண ஜெனரேட்டரா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட மோசம், உள்ளே இருக்கும் கடைசி "யீல்ட் பிரம்" வரியை ஒருநாள் தேவையில்லை என்று நீக்கினால், ஜெனரேட்டர் என்ற தகுதியே போய் அது சாதாரண பங்ஷன் ஆகிவிடும். புதிய முறையில் "ஏசிங்க் டெப்" என்று தொடங்கினால் அது கோரூட்டீன்தான். உள்ளே என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும் மாறாது.

எது எதோடு சேரும்?

2015-ல் எல்லா லைப்ரரிகளும் பழைய முறையில்தான் இருந்தன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல முடியாது. எனவே இரண்டும் ஒன்றையொன்று அழைக்க வழி செய்தார்கள். அடியில் இரண்டும் ஒரே இயந்திரம் என்பதால் இது சாத்தியமானது. ஈவன்ட் லூப் இரண்டையும் ஒரே மாதிரிதான் தட்டி எழுப்புகிறது. ஆனால் வாசலில் காவல் உண்டு. விதிகள் இவை:

1. புதிய கோரூட்டீனுக்குள்ளிருந்து, @ வரி உள்ள பழைய கோரூட்டீனை "அவெய்ட்" போட்டு அழைக்கலாம். தடை இல்லை.

2. @ வரி உள்ள பழைய கோரூட்டீனுக்குள்ளிருந்து, புதிய கோரூட்டீனை "யீல்ட் பிரம்" போட்டு அழைக்கலாம். இதற்கும் தடை இல்லை.

3. @ வரி இல்லாத வெறும் ஜெனரேட்டரை "அவெய்ட்" செய்ய முடியாது. ஜெனரேட்டரை அவெய்ட்டில் பயன்படுத்த முடியாது என்று டைப் எரர் வரும்.

4. @ வரி இல்லாத வெறும் ஜெனரேட்டருக்குள்ளிருந்து புதிய கோரூட்டீனை "யீல்ட் பிரம்" செய்ய முடியாது. இதற்கும் டைப் எரர்தான்.

5. "ஏசிங்க் டெப்" பங்ஷனுக்குள் "யீல்ட் பிரம்" எழுதவே கூடாது. அதேபோல் சாதாரண "டெப்" பங்ஷனுக்குள் "அவெய்ட்" எழுதக் கூடாது. இரண்டுமே சின்டாக்ஸ் எரர்.

6. "ஏசிங்க் டெப்" பங்ஷனுக்குள் வெறும் "யீல்ட்" எழுதினால் எரர் வராது. 2016-ல் வந்த 3.6 வெர்ஷனிலிருந்து அது ஏசிங்க் ஜெனரேட்டர் என்ற வேறொரு பொருளாக மாறிவிடும். அதை "அவெய்ட்" செய்யும்போதுதான் எரர் வரும். எனவே எரர் ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருக்கும்.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கலப்புப் புரோகிராமில் வரும் எரர்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது ஏன் திடீரென்று பிரச்னை?

பழைய முறை திடீரென்று நீக்கப்படவில்லை. 2018-ல் வந்த 3.7 வெர்ஷனில் "ஏசிங்க்", "அவெய்ட்" இரண்டும் முழுமையான ஒதுக்கப்பட்ட சொற்கள் ஆயின. அதுவரை அந்தப் பெயரை வேரியபிளுக்கோ பங்ஷனுக்கோ வைத்திருந்தவர்களின் புரோகிராம்கள் அன்றே நின்றன. செலரி என்ற பிரபலமான லைப்ரரியில் "ஏசிங்க்" என்ற பெயரில் இருந்த பைலுக்கே வேறு பெயர் வைக்க வேண்டி வந்தது. டிஸ்கார்ட் பாட் எழுதப் பயன்படும் லைப்ரரியின் பழைய வெர்ஷனும் இதே காரணத்தால்தான் 3.7-ல் ஓடவில்லை.

2019-ல் வந்த 3.8 வெர்ஷனில், @ஏசிங்க்ஐஓ.கோரூட்டீன் என்பது நீக்கப்பட இருக்கிறது என்ற எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. ஆனால் இந்த வகை எச்சரிக்கைகள், நீங்கள் நேரடியாக ரன் செய்யும் பைலில் இருந்தால்தான் திரையில் தெரியும். இம்போர்ட் செய்யப்படும் மற்ற பைல்களில் இருந்தால் பைதான் அவற்றை மறைத்துவிடும். அதனால் பலர் கண்ணில் இது படவே இல்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11 வெர்ஷனில் அந்த @ வரியே நீக்கப்பட்டது.

வீட்டில் ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இது 2023 அக்டோபரில் தெரிய வந்தது. அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புல்ஸ்ஐ பதிப்பில் பைதான் 3.9 இருந்தது. புக்வார்ம் பதிப்பில் 3.11 வந்தது. நடுவில் 3.10 என்ற படியே இல்லை. எச்சரிக்கையைப் பார்க்காதவர்கள் நேராகப் பள்ளத்தில் இறங்கினார்கள்.

எரர் வராதபோதுதான் ஆபத்து

3.11-ல் பழைய புரோகிராம் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். அது நல்லதுதான். குறைந்தபட்சம் பிரச்னை இருப்பது தெரிகிறது. பாதி மாற்றிய புரோகிராம்தான் உண்மையான ஆபத்து.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒரு சார் இருக்கிறார். மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சென்சாரை வைத்து, தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடவும், நிறைந்தால் நிறுத்தவும் பைதானில் எழுதியிருந்தார். சில வருடம் ஒழுங்காக ஓடியது. புதிய மெமரி கார்டில் புக்வார்ம் போட்ட பிறகு ஓடவில்லை. பங்ஷன்களை எல்லாம் "ஏசிங்க் டெப்" என்று மாற்றினார். உடனே "யீல்ட் பிரம்" இருந்த வரிகளில் சின்டாக்ஸ் எரர் வந்தது. பெரும்பாலான இடங்களில் "அவெய்ட்" போட்டவர், ஓரிடத்தில் மட்டும் அந்த இரண்டு சொற்களையும் வெறுமனே நீக்கிவிட்டார். எரர் போய்விட்டது. அந்த வரி இது:

இப் தொட்டி_காலியா(): 

"அவெய்ட்" இல்லாமல் அழைத்தால் கோரூட்டீன் ஓடாது. பதிலுக்கு "கோரூட்டீன் ஆப்ஜெக்ட்" என்ற ஒரு பொருள் மட்டும் கைக்கு வரும். "இப்" நிபந்தனையில் எந்தப் பொருளை வைத்தாலும், அது காலியாகவோ பூஜ்யமாகவோ இல்லாவிட்டால் பைதான் அதை "உண்மை" என்றே எடுத்துக்கொள்ளும். எனவே தொட்டி எப்போதும் காலி என்றே புரோகிராம் முடிவு செய்தது. மோட்டார் நிற்கவே இல்லை. மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் வீட்டில் கவனித்தார்கள்.

பைதான் சொல்லாமல் இல்லை. "கோரூட்டீன் வாஸ் நெவர் அவெய்டட்" என்று ரன்டைம் வார்னிங் கொடுக்கத்தான் செய்தது. ஆனால் பின்னணியில் ஓடும் புரோகிராம் என்பதால் அது லாக் பைலுக்குப் போய்விட்டது. நான் லாக் பைலைத் திறந்தபோது அந்த வரி அதில் இருந்தது. பழைய முறையில் இந்த வார்னிங்கூடக் கிடைக்காது. "யீல்ட் பிரம்" மறந்த ஜெனரேட்டர் சத்தமே போடாமல் சும்மா இருக்கும்.

மோட்டார், ஹீட்டர், கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் புரோகிராம் என்றால், மாற்றிய பிறகு அந்தக் கருவியின் இணைப்பை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பேக்கப் எடுக்கும் புரோகிராம் என்றால், பேக்கப் பைல் உண்மையிலேயே உருவாகிறதா, அதன் அளவு பூஜ்யமாக இல்லையா என்று திறந்தே பார்த்துவிடுங்கள்.

மாற்றும் முறை

எங்கள் அலுவலகத்தில் பழைய புரோகிராம்களை மாற்றும்போது நாங்கள் பின்பற்றும் வரிசையையே வீட்டுக்கும் சொல்கிறேன். முக்கியமான ரகசியம் ஒன்றுதான்: முதலில் மாற்றுங்கள், பிறகு அப்கிரேட் செய்யுங்கள். 3.9, 3.10 வெர்ஷன்களில் இரண்டு முறையும் சேர்ந்து ஓடும். அங்கேயே ஒவ்வொரு பங்ஷனாக மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். 3.11-க்குப் போன பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருக்கும்.

1. புரோகிராம் இருக்கும் போல்டரை முழுவதுமாக வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். ராஸ்பெரி பை என்றால் பழைய மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

2. விண்டோஸில் 3.10 வெர்ஷனைப் புதிய பைதானுக்குப் பக்கத்திலேயே இன்ஸ்டால் செய்யலாம். கமாண்ட் பிராம்ப்ட்டில் "பிஒய்" என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, -3.10 என்று கொடுத்தால் அந்த வெர்ஷன் ஓடும். இது மாற்றும் வேலைக்கு மட்டும்தான். நிரந்தரமாக வைத்துக்கொள்ள அல்ல. 3.9-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபரிலேயே நின்றுவிட்டன.

3. மறைந்திருக்கும் எச்சரிக்கைகளைப் பார்க்க, பைதான் கட்டளைக்குப் பின் கழித்தல் குறியும் பெரிய எழுத்து டபிள்யூவும் போட்டு, "டிபால்ட்" என்று சேர்த்து ரன் செய்யுங்கள். எந்த பைலில் எந்த வரி பழசு என்று பட்டியல் கிடைக்கும்.

4. ஒவ்வொரு பங்ஷனிலும் @ வரியை நீக்கி, "டெப்" முன் "ஏசிங்க்" சேர்த்து, "யீல்ட் பிரம்" இருக்கும் இடங்களில் "அவெய்ட்" போடுங்கள். உடனே ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பங்ஷனுக்குப் போங்கள்.

5. பைல் முழுவதற்கும் "ரீபிளேஸ் ஆல்" கொடுக்காதீர்கள். பட்டியலை ஒவ்வொன்றாகத் தரும் உண்மையான ஜெனரேட்டர்களிலும் "யீல்ட் பிரம்" இருக்கலாம். அவற்றைத் தொடக் கூடாது.

6. "யீல்ட் பிரம்" தனக்கு வலப்பக்கம் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். "அவெய்ட்" தன்னை ஒட்டியிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, "யீல்ட் பிரம் முதல்() இப் சரி எல்ஸ் இரண்டாவது()" என்ற வரியில் எது தேர்வானாலும் அதற்காகக் காத்திருக்கும். "அவெய்ட்" என்று மட்டும் மாற்றினால் முதல் பங்ஷனுக்கு மட்டும்தான் காத்திருக்கும். இரண்டாவது தேர்வானால் ஓடாத கோரூட்டீன்தான் கிடைக்கும். இப்படிப்பட்ட வரிகளில் "அவெய்ட்"டுக்குப் பின் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

7. கூடவே மற்ற பழைய பழக்கங்களையும் மாற்றிவிடுங்கள். லாக்கை "வித்", "யீல்ட் பிரம்" சேர்த்து எடுக்கும் முறை 3.9-லேயே போய்விட்டது. "ஏசிங்க் வித்" போடவும். ஸ்லீப், கேதர் போன்றவற்றுக்கு "லூப்" என்று கொடுக்கும் பாராமீட்டர் 3.10-ல் போய்விட்டது. அதை நீக்கினால் போதும். கெட்_ஈவன்ட்_லூப் மூலம் லூப்பை உருவாக்கி ஓட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஏசிங்க்ஐஓ.ரன் பயன்படுத்துங்கள். ஓடும் லூப் இல்லாத இடத்தில் பழைய முறை 3.14-ல் எரர் தரும்.

பிறர் எழுதிய லைப்ரரி என்றால்?

முதலில் அதன் புதிய வெர்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்டேட் செய்வதோடு வேலை முடிந்தது. எழுதியவரே கைவிட்ட லைப்ரரி என்றால் ஒரு தற்காலிக அடாப்டர் உண்டு. பைதானில் "டைப்ஸ்.கோரூட்டீன்" என்ற இன்னொரு @ வரி இருக்கிறது. இது நீக்கப்படவில்லை. ஏசிங்க்ஐஓவே ஸ்லீப் பங்ஷனுக்குப் பூஜ்யம் கொடுக்கும்போது உள்ளே இதைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் புரோகிராமின் முதல் வரிகளில், அந்த லைப்ரரியை இம்போர்ட் செய்வதற்கு முன், "ஏசிங்க்ஐஓ.கோரூட்டீன் = டைப்ஸ்.கோரூட்டீன்" என்று எழுதினால் லைப்ரரி பெரும்பாலும் ஓடிவிடும்.

ஆனால் இரண்டு பின் பிளக்கை மூன்று பின் சாக்கெட்டில் அடாப்டர் வைத்துச் செருகுவது போலத்தான் இது. இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, @ வரி போட்டு உள்ளே "யீல்ட் பிரம்" எதுவுமே இல்லாத பங்ஷன்களைப் பழைய டெக்கரேட்டர் சமாளித்துக் கோரூட்டீனாக்கியது. டைப்ஸ்.கோரூட்டீன் அதைச் செய்யாது. பங்ஷன் தரும் சாதாரண மதிப்பை அப்படியே கொடுத்துவிடும். அதை "அவெய்ட்" செய்தால் எரர் வரும். இரண்டு, 2023-ல் வந்த 3.12 வெர்ஷனிலிருந்து ஏசிங்க்ஐஓ ஜெனரேட்டர் வகைக் கோரூட்டீனைக் கோரூட்டீனாக அங்கீகரிப்பதில்லை. கிரியேட்_டாஸ்க்கிற்கு நேரடியாகக் கொடுத்தால் டைப் எரர் வரும். அதை உள்ளே "அவெய்ட்" செய்யும் சிறிய "ஏசிங்க் டெப்" பங்ஷன் ஒன்றை எழுதி, அதைக் கொடுத்தால் ஓடும்.

டொர்னாடோ பயன்படுத்துபவர்களுக்கு

2009-ல் வெளியிடப்பட்ட டொர்னாடோ லைப்ரரியில் ஜென்.கோரூட்டீன் என்ற தனி டெக்கரேட்டர் இருக்கிறது. இது வேறு. இன்னும் நீக்கப்படவில்லை. ஏசிங்க்ஐஓவில் நடந்ததோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாற்ற விரும்பினால் இரண்டு வித்தியாசங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜென்.கோரூட்டீன் பங்ஷனை அழைத்தவுடனேயே அது ஓடத் தொடங்கிவிடும். "ஏசிங்க் டெப்" பங்ஷன் "அவெய்ட்" செய்யும் வரை அல்லது டாஸ்க் ஆக்கும் வரை ஓடாது. மேலும், பல வேலைகளை ஒரு லிஸ்ட்டில் போட்டு "யீல்ட்" செய்யும் வசதி பழைய முறையில் உண்டு. லிஸ்ட்டை நேரடியாக "அவெய்ட்" செய்ய முடியாது. ஜென்.மல்டி என்பதற்குள் கொடுத்து "அவெய்ட்" செய்ய வேண்டும்.

எப்போது மாற்றுவது?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை எதற்குத் தொட வேண்டும் என்று கேட்கலாம். இணையத்தோடு இணையாத, அப்கிரேட் செய்யப்போகாத கம்ப்யூட்டர் என்றால் விட்டுவிடலாம். மற்றபடி, மெமரி கார்டோ ஹார்ட் டிஸ்க்கோ என்றைக்காவது பழுதாகத்தான் போகிறது. அன்றைக்குக் கடையில் வாங்கிப் போடும் புதியதில் புதிய பைதான்தான் இருக்கும். அவசரத்தில் பாதி மாற்றுவதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, பழைய வெர்ஷன் கையில் இருக்கும்போதே நிதானமாக மாற்றிவிடுவது நல்லது. இருபது பங்ஷன்கள் உள்ள வீட்டுப் புரோகிராமுக்கு அந்த ஒரு மதியம் போதும். மாற்றி முடித்ததும் லாக் பைலைத் திறந்து "நெவர் அவெய்டட்" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அப்கிரேட் செய்யலாம்.